பூட்டிய பட்டறையில் ஆணிச் சத்தம்

18-2-31, புதன். விபூதித் திருநாள்.

நல்ல வெயில். காலைப் பூசை. பிரஞ்சுச் சாமியார் பெருவிரலால் நெற்றியில் சாம்பலை அழுத்தித் தேய்த்து, மண்ணிலிருந்து வந்தவன் மண்ணுக்குப் போவேன் என்று ஞாபகப்படுத்தினார். சவப்பெட்டி செய்கிறவனுக்கா ஞாபகப்படுத்த வேண்டும். போன வாரம் முழுக்க அதே ஞாபகம்தான்.

தபசு காலத்து நாற்பது நாளுக்குத் தீர்மானம்:
ஒருசந்தி. பகல் ஒரு வேளைச் சோறு.
சுருட்டு கிடையாது.
தினம் கொஞ்சம் வேதம் வாசித்து, தோன்றியதை இதில் எழுதுவது.
அன்னத்தோடு சண்டை கிடையாது.

கடைசியைக் கேட்டு என் சம்சாரம் சிரித்தாள். "நாப்பது நாளும் நீங்க கிள்ளான் பட்டணத்துல போய் இருந்தாத்தான் அது நடக்கும்."

மாலை நாலு மணி சுமாருக்கு ஒன்று நடந்தது. சந்தில் நின்றுகொண்டிருந்தேன், சாவி கையில். பட்டறைக்குள் யாரோ ஆணி அடிக்கிற சத்தம். இரண்டு மெதுவாக, மூன்றாவது அழுத்தி. அப்புறம் சற்று நிறுத்தம். அது என் தட்டு. முப்பது வருஷமாக அப்படித்தான் அடிக்கிறேன்.

அடுத்த வீட்டுப் பாக்கியம் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து: "அண்ணே, விபூதியன்னைக்குக்கூட வேலையா?" பிறகு என்னைச் சந்தில் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

திறந்து பார்த்தேன். ஒருவரும் இல்லை. சுத்தியல் ஆணியில் மாட்டியபடி. புதுச் சீவலின் வாசனை மட்டும், இப்போதுதான் இழைத்ததுபோல. இரண்டு நாளாக இழைப்புளியைத் தொடவில்லை.

வண்டிக்கார வேலு பலகை இறக்கிவிட்டுப் பட்டறைச் சுவரில் முதுகைச் சாய்த்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தான். கேட்டேன். "என்ன சத்தம்? ஒண்ணும் கேக்கலையே." உள்ளே அடித்தால் முதுகே அதிர்ந்திருக்கும். செவிடா நீ என்றேன். மாடு அசைபோடுகிற சத்தம்கூடத் தனக்குக் கேட்கிறது என்றான்.

எலியாக இருக்கும் என்று எழுதிவைக்கிறேன். எலி சுத்தியல் பிடிக்காது என்று அன்னம் சொல்கிறாள்.

20-2-31, வெள்ளி.

சிலுவைப்பாதைக்குப் புறப்படும்போது ஆள் வந்தது. வேலு போய்விட்டான். ரயில் கேட்டண்டை மாடு மிரண்டு, வண்டிச் சக்கரம் மேலேறி. அவன் இறக்கிப் போட்ட மெராந்திப் பலகையிலேயே அவனுக்குப் பெட்டி. கை ஓடவில்லை. அன்னம் பக்கத்தில் உட்கார்ந்து ஆணி எடுத்துக் கொடுத்தாள்.

கோயிலுக்குப் போக முடியவில்லை. வீட்டிலேயே பிலாத்துவின் தீர்ப்பு மட்டும் வாசித்தேன். ஒன்று இத்தனை வருஷம் தோன்றாதது இன்று தோன்றியது. சிலுவை மரத்தில் காய்த்துத் தொங்கியதில்லை. ஒரு தச்சன் செய்திருக்கிறான். யாரோ வந்து ஆர்டர் சொல்லியிருக்கிறார்கள். யாருக்கு என்று அவன் கேட்டிருக்க மாட்டான். நானும் கேட்பதில்லை, நீளம் மட்டும்தான் கேட்பேன்.

1-3-31, ஞாயிறு.

பாசாரில் மீன் மலிவாம். நமக்கென்ன. சுருட்டு இல்லாமல் தலைவலி. பாக்கியத்தின் சேவல் எங்கள் கீரைப் பாத்தியைக் கிளறிவிட்டது. சண்டை போடவில்லை, தபசு காலம் என்பதால். சேவலுக்குத் தபசு காலம் தெரியாது.

இராயப்பர் ஆண்டவரைத் தெரியாது என்று மறுதலித்ததை வாசித்தேன். அவருக்கும் ஒரு சேவல் கூவியது.

5-3-31, வியாழன்.

கந்தையாக் கிராணி வந்தார். யாழ்ப்பாணத்து மனிதர், ரயில்வே ஆபீசில் பெரிய எழுத்து வேலை. புத்தக அலமாரி வேண்டுமாம். பட்டறை வாசலில் நின்று, எந்த மரம், எத்தனை தட்டு என்று பேசிக்கொண்டிருந்தோம். பட்டப்பகல். என் இரண்டு கையும் வெறுங்கை.

அவர் முதுகுக்குப் பின்னால் ஆரம்பித்தது. இரண்டு மெதுவாக, மூன்றாவது அழுத்தி.

அவர் பேசிக்கொண்டே இருக்கிறார். அடுப்படியிலிருந்து அன்னம்: "யாரு பட்டறையில? நீங்கதான் வாசல்ல நிக்கிறீங்களே?" வேலிக்கு மேல் பாக்கியத்தின் தலை எழும்பியது.

"ஐயாவுக்குக் கேக்குதா?" என்றேன்.

"என்னது? எனக்கொண்டும் கேக்கேல்லையே. என்னப்பா, முகமெல்லாம் வெளுத்துப் போச்சு. உபவாசம் கூடிப்போச்சோ?"

சிரித்துவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போனார். அவர் சந்து திரும்பும்வரை உள்ளே அடித்துக்கொண்டே இருந்தது.

6-3-31, வெள்ளி.

சாமியாரிடம் சொன்னேன். வெயிலுக்குப் பலகை வெடிக்கும், இது தச்சனுக்குத் தெரியாதா என்று அவர் தமிழில் கேட்டார். "அது வேற சத்தம் சாமி." பட்டறைக்கு வந்து தீர்த்தம் தெளித்தார். தெளிக்கும்போது தும்மினார், மரத்தூள். அன்னம் காபி கொடுத்தாள். ஒருசந்தி என்று மறுத்துவிட்டு, கோப்பையைப் பார்த்துக்கொண்டே போனார், பாவம்.

12-3-31, வியாழன்.

கந்தையாக் கிராணி காலமானார். ஆஸ்பத்திரியில். வயிற்றில் என்னவோ கட்டியாம். அலமாரிக்கு எடுத்து வைத்த பலகை இருந்தது. அதுவேதான்.

16-3-31, திங்கள்.

எழுதாமல் இருந்தால் இல்லாமல் போய்விடும் என்று பார்த்தேன். போகவில்லை. எழுதிவிடுகிறேன்.

சத்தம் எல்லாருக்கும் கேட்கிறது. எனக்கு, அன்னத்துக்கு, பாக்கியத்துக்கு, அவள் புருஷனுக்கு. வேலுவுக்குக் கேட்கவில்லை. கந்தையாவுக்குக் கேட்கவில்லை. பெட்டி யாருக்கோ அவருக்கு மட்டும் கேட்பதில்லை.

இதை யாரிடமும் சொல்லவில்லை.

19-3-31, வியாழன். சூசையப்பர் திருநாள்.

சேசுவை வளர்த்த தகப்பன், எங்கள் தொழில்காரர். பூசையில் முன்னால் போய் நின்றேன். அவரை நல்ல மரணத்துக்குப் பாதுகாவலர் என்கிறார்கள், பக்கத்தில் சேசுவும் மாதாவும் இருக்க உயிர் விட்டவர் என்பதால். அவருக்குப் பெட்டி யார் செய்தது என்று யோசனை ஓடியது. மகன்தான் செய்திருக்க வேண்டும். வேறு தச்சன் அந்த வீட்டில் ஏது.

அப்பாவுக்கு மகன் செய்வது முறை. மகளுக்கு அப்பன் செய்வது முறையில்லை. எங்கள் மகளுக்கு நான் செய்தேன். மூன்று மாதக் குழந்தை. மடியில் வைத்தே செய்யலாம், அத்தனை சிறியது. அதற்கப்புறம் எங்களுக்குப் பிள்ளை இல்லை. அன்றைக்கு அன்னம் சொன்னது: "எனக்குன்னு வந்தா சீனன் கடையில வாங்குங்க. உங்க கைல வேணாம்." சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன்.

சத்தம் இரண்டு வாரமாக இல்லை. ஸ்தோத்திரம்.

20-3-31, வெள்ளி.

இன்று கோயிலில் லாசர் உயிர்த்தது வாசித்தார்கள். மார்த்தாள் ஆண்டவரைப் பார்த்தவுடன், நீர் அப்போதே வந்திருந்தால் என் தம்பி செத்திருக்க மாட்டானே என்று சண்டைக்கு வருகிறாள். அப்படியே அன்னம். ஆண்டவர் கோபித்துக்கொள்ளவில்லை, அழுதார். அவர் ஏன் தாமதித்தார் என்பதற்குச் சாமியார் பிரசங்கத்தில் சொன்ன காரணம் எனக்குப் போதவில்லை.

27-3-31, வெள்ளி.

அன்னத்துக்குக் காய்ச்சல். பகல் முழுக்க நடுக்கம், மூன்று போர்வை. அனல் பறக்கிறது. ரயில்வே டிரெஸ்ஸர் வந்து கொய்னா மருந்து கொடுத்தார். கசப்பென்று துப்பினாள். திட்டும் தெம்பு இருக்கிறது. இருக்கட்டும்.

29-3-31. குருத்து ஞாயிறு.

குருத்தோலையோடு வந்தேன். சிலுவையாக மடித்து அன்னத்தின் தலைமாட்டில் வைத்தேன். மடித்துக்கொண்டிருக்கும்போதே பட்டறையில் ஆரம்பித்தது.

ஓலை கையிலிருந்து விழுந்தது. அவள் பக்கத்தில் மண்டியிட்டேன். கேட்க வாய் வரவில்லை. கேட்டேன்.

"அன்னம், உனக்குக் கேக்குதா?"

"கேக்காம? தலைக்குள்ள அடிக்கிறாப்ல இருக்கு. யாருன்னு போய் நிறுத்தச் சொல்லுங்க."

அழுதுவிட்டேன். காய்ச்சலில் கிடக்கிறவள் என்னைத் தேற்றினாள்.

30-3-31, திங்கள்.

கிள்ளான் பக்கத்து ரப்பர்த் தோட்டத்திலிருந்து லோரி வந்தது. பால் வெட்டுகிற பொம்பளை ஒருத்தி, பாம்பு. ஐயோ பாவம் என்று சொல்ல வேண்டிய வாய் அப்பாடா என்றது. லோரிக்காரன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். அந்தப் பெட்டிக்குக் காசு வாங்கவில்லை.

1-4-31, புதன்.

அன்னம் எழுந்திருக்கவில்லை. கண் மஞ்சள். கஞ்சித்தண்ணி உள்ளே தங்கவில்லை. டிரெஸ்ஸர் நாடி பிடித்துவிட்டு வெளியே வந்து குரலைத் தாழ்த்தினார். "இன்னும் ரெண்டு நாள் போகணும். சொந்தக்காரங்க இருந்தா சொல்லிவிடுங்க." சொந்தக்காரர்கள் கடலுக்கு அந்தப் பக்கம். இங்கே நான்தான்.

நாலு மணிக்கு மழை, கொட்டு கொட்டென்று. மழையோடு அதுவும். அத்தாப்பு ஓலைக் கூரையில் விழும் தண்ணீரை மீறிக்கொண்டு, இரண்டு மெதுவாக, மூன்றாவது அழுத்தி. பாக்கியம் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தவள் சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே ஓடினாள். அவளுக்குக் கேட்டிருக்கிறது.

குனிந்தேன். அன்னம் கண்ணைத் திறந்துதான் இருந்தாள். தெளிவாக என்னைப் பார்த்தாள்.

"கேக்குதா?"

"என்ன, மழையா?"

"மழை இல்ல. வேற சத்தம்."

"மழைதான் கேக்குது. நல்ல மழை."

2-4-31. பெரிய வியாழன்.

பூசைக்குப் போகவில்லை. அன்னத்தை விட்டு எப்படிப் போவது. காலையில் கோயில் மணி கேட்டது. இனி சனிக்கிழமைவரை மணி இல்லை, மரக்கட்டைதான் தட்டுவார்கள்.

அவள் தூங்கினாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னையறியாமல் தலை உச்சியிலிருந்து பாதம்வரை, தோளுக்குத் தோள். தொழில் புத்தி, சனியன். அவள் கண்ணைத் திறக்காமலே:

"கண்ணால அளக்காதீங்க."

"இல்லம்மா."

"சீனன் கடை. ஞாபகம் இருக்கா?"

"வாயை மூடு" என்றேன். தபசு காலத் தீர்மானத்தில் இது சேருமா தெரியவில்லை.

பகல் மூன்றுக்கு வேதத்தை எடுத்தேன். பூங்காவனம். ஆண்டவர் வேர்வை இரத்தமாக வேண்டுகிறார், சீஷர்கள் தூங்குகிறார்கள். ஒவ்வொரு வருஷமும் அந்தத் தூங்குமூஞ்சிகள்மேல் எனக்குக் கோபம் வரும். இன்று வரவில்லை. ஐந்து நாள் கண் மூடாதவனுக்கு வராது.

துன்பத்தின் பாத்திரம் தம்மை விட்டு அகலட்டும் என்று கேட்ட இடத்தோடு புத்தகத்தை மூடிவிட்டேன். அடுத்த வரியில் அவர் பிதாவின் சித்தம் என்று சொல்லிவிடுவார். எனக்கு அது சொல்ல வரவில்லை. நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "சாமி, இந்தப் பாத்திரம் அகல வேண்டாம். கை மாறட்டும். நான் குடிக்கிறேன். இவளை விடும்." மார்த்தாள் மாதிரி சண்டை போட்டுத்தான் கேட்டேன். நாலைந்து தடவை கேட்டேன். மாதா படத்துக்குக் கீழே எறும்பு ஒன்று போய்க்கொண்டிருந்தது. வேறொன்றும் நடக்கவில்லை.

சாயந்தரம் வழக்கம்போலச் சுத்தியலையும் ஆணிகளையும் துணியில் கட்டி மாதா படத்தடியில் வைத்தேன். ஆண்டவரை ஆணியால் அறைந்த நாளில் நம் வேதக்காரன் எவனும் ஆணி அடிக்க மாட்டான். என் அப்பா அடித்ததில்லை, நானும் இல்லை. பட்டறையைப் பூட்டிச் சாவியை உத்தரியக் கயிற்றில் கோர்த்துக் கழுத்தில் போட்டுக்கொண்டேன்.

3-4-31. பெரிய வெள்ளி.

அடுப்பு மூட்டவில்லை. பெருக்கவில்லை. தலை வாரவில்லை. தண்ணீர் நேற்றே எடுத்து வைத்தது.

அன்னத்தின் பக்கத்திலேயே இருந்தேன், காலையிலிருந்து இருட்டும்வரை. பாயை விட்டு எழுந்தது இரண்டு தடவை, கொல்லைக்கு.

அவளுக்கு உச்சிப்பொழுதில் வேர்க்க ஆரம்பித்தது. துடைக்கத் துடைக்க வேர்வை. மூன்று மணிக்குப் பாடுகளை வாய்க்குள் வாசித்தேன். இன்னொருவன் கல்லறையில் இரவலாக வைத்தார்கள். பெட்டி இல்லை. தச்சனின் மகனுக்குத் தச்சன் வேலை செய்யவில்லை. அன்றைக்கும் யாரும் ஆணி அடித்திருக்க மாட்டார்கள், சாயந்தரத்துக்கு மேல்.

பகல் முழுக்கப் பட்டறையில் சத்தம் இல்லை. காது கொடுத்துக்கொண்டே இருந்தேன். ஒன்றும் இல்லை. அவ்வளவு அமைதியான நாள் இந்தத் தெருவில் பார்த்ததில்லை. கூட்ஸ் ரயில் போனது கேட்டது. பாக்கியத்தின் கோழிகள் கத்தியது கேட்டது. அதைத் தவிர ஒன்றும் இல்லை.

ஒன்று மட்டும். பாக்கியம் மூன்று நாலு தடவை வேலியண்டை வந்து எங்கள் வீட்டையே பார்த்துவிட்டுப் போனாள். முகம் சரியில்லை.

4-4-31, சனி.

காய்ச்சல் விட்டது. நெற்றி சில்லென்று. அன்னம் சுவரைப் பிடித்து உட்கார்ந்தாள். பசிக்கிறது என்றாள். கோயிலில் மணி மறுபடி அடித்தது, மூன்று நாளைக்கும் சேர்த்து அடிக்கிறாற்போல. நான் அடுப்படியில் நின்று அழுதேன்.

பாக்கியம் கஞ்சி கொண்டுவந்தாள். வாசற்படியில் வைத்தாள். உள்ளே வரவில்லை.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. வீட்டுல ஆள் படுத்திருக்கு, ஒண்ணும் சொல்லக் கூடாதுன்னுதான் நேத்து இருந்தேன். ஆனா பெரிய வெள்ளியில, அதுவும் ஆண்டவர் உயிர் விடுற நேரத்துல, அப்படி ஆணி அடிக்கலாமா? தெருவே கேட்டுச்சு. எங்க வீட்டுக்காரரு சாமியார்கிட்டச் சொல்லப் போறேன்னு நிக்கிறாரு."

நான் அடிக்கவில்லை என்றேன். சாவியைக் கழுத்திலிருந்து எடுத்துக் காட்டினேன். சுத்தியல் கட்டு மாதா படத்தடியில் முடிச்சு அவிழாமல் இருப்பதைக் கதவு வழியாகக் காட்டினேன். பார்த்தாள். என்னையும் பார்த்தாள். பிறகு அவளுக்கும் ஏதோ புரிந்த மாதிரி முகம் திருப்பாமல் பின்பக்கமாகவே நடந்து போனாள்.

அன்னத்துக்குக் கஞ்சி ஊட்டினேன். இரண்டு வாய் உள்ளே போனதும் பேச்சு வந்துவிட்டது.

"பாக்கியம் சொல்றது சரிதானே. நேத்து ஏன் அப்படி அடிச்சீங்க? காலையில ஆரம்பிச்சது. மூணு மணிக்குக்கூட நிறுத்தலை. எனக்காச் செஞ்சீங்க? சீனன் கடைன்னுதானே சத்தியம்?"

"நான் உன் பக்கத்துலதானே இருந்தேன், அன்னம்."

"இருந்தீங்க. கையைப் பிடிச்சுட்டு இருந்தீங்க." யோசித்தாள். "அப்ப யாரு அடிச்சது?"

"புதன்கிழமை மழையில கேட்டுச்சா உனக்கு?"

"புதன்கிழமை எங்க கேட்டுச்சு. நேத்துத்தான். நேத்து நல்லாக் கேட்டுச்சு. உங்களுக்குக் கேக்கலையா?"

கேட்டது என்று சொன்னேன். தபசு காலம் மத்தியானத்தோடு முடிகிறது. பொய் அதற்கு முன்னால் சொன்னது.

5-4-31. உயிர்த்த ஞாயிறு.

பூசை. கோழிக் குழம்பு, பாக்கியம் கொடுத்தனுப்பியது, அந்தச் சேவல்தான் போலிருக்கிறது. சுருட்டு பற்ற வைத்தேன். ருசியில்லை.

கேட்டது கிடைத்துவிட்டது. முழங்காலில் நின்று நன்றி சொன்னேன். சந்தோஷம்தான். பயமும்தான். இரண்டும் ஒரே வயிற்றில் இருக்க முடியும் என்று எனக்குத் தெரியாது.

அன்னம் வாசல்வரை நடந்தாள். தலை வாரிப் பூ கேட்டாள். என்ன அப்படிப் பார்க்கிறீங்க, மறுபடி அளக்குறீங்களா என்றாள். இல்லை, சும்மா பார்க்கிறேன் என்றேன்.

6-4-31, திங்கள்.

மேகமூட்டம். காலையிலேயே பட்டறையைத் திறந்துவிட்டேன். நல்ல பலகை ஒன்று தனியாக வைத்திருந்தேன், எவருக்கும் கொடுக்க மனசு வராமல். அறுத்தேன். இழைத்தேன். அறுப்புச் சத்தம் கேட்டது. இழைப்புச் சத்தம் கேட்டது. நீளம் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

பக்கப் பலகையைச் சேர்த்துப் பிடித்து முதல் ஆணியை வைத்தேன். இரண்டு மெதுவாக, மூன்றாவது அழுத்தி. ஆணி உள்ளே இறங்கியது. கை அதிர்ந்தது.

இன்னொன்று வைத்து அடித்தேன். ஓங்கி அடித்தேன். தூரத்தில் கிள்ளான் ரயில் ஊதுகிறது, கேட்கிறது. பாக்கியம் யாரையோ வைகிறாள், கேட்கிறது. சுத்தியல் ஆணியின் தலையில் விழுகிறது, பஞ்சில் விழுந்ததுபோல ஒன்றுமே இல்லை.

அடுப்படியிலிருந்து அன்னம் கூப்பிடுகிறாள்: "காலங்காத்தால என்னங்க இந்தத் தட்டுத் தட்டுறீங்க? யாருக்குப் பெட்டி?"